பம்பரத்தில் இரண்டாவது ப

என் மனைவியின் அண்ணனுக்குப் பார்வை ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் இருட்டிய பிறகு சைக்கிள் ஓட்டுவதை நிறுத்தினார். அப்புறம் பக்கவாட்டில் வருகிறவர்கள் மேல் இடித்துக்கொள்ள ஆரம்பித்தார். விழித்திரையில் கோளாறு, ஓரத்திலிருந்து உள்ளே சுருங்கிக்கொண்டே வரும், மருந்து கிடையாது என்று பாண்டிச்சேரியில் டாக்டர் சொல்லிவிட்டார். 2008-ல், கண்ணின் நடுவில் மிச்சமிருந்த பார்வையும் மங்கி, கரும்பலகையில் தான் எழுதியதையே அவரால் படிக்க முடியாமல் போனது.

அவர் சிதம்பரத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். பாடம் நடத்துவதில் அவருக்கு எந்தச் சிரமமும் இல்லை, புத்தகம் முழுக்கத் தலைக்குள் இருந்தது. விடைத்தாள் திருத்த முடியவில்லை, கேள்வித்தாள் தயாரிக்க முடியவில்லை, அதுதான் பிரச்சினை. தலைமையாசிரியர் நல்ல மனிதர். வேலையை விடச் சொல்லாமல், வகுப்புகளை மட்டும் வேறு ஆளுக்கு மாற்றிவிட்டு, நூலகப் பொறுப்பு என்று ஒரு நாற்காலி கொடுத்தார்.

"என்னைப் புத்தகத்துக்குக் காவல் வெச்சிருக்காங்க மாப்ள," என்றார் மச்சான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்த மாதமே விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளலாமா என்று வீட்டில் பேச்சு எடுத்திருக்கிறார். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காதான் தினமும் காலையில் அடுப்பு வேலைக்கு நடுவே செய்தித்தாளைப் படித்துக் காட்டுவார். எதைப் படிக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, இவருக்கும் கேட்கக் கூச்சம். பாதியில் பால் பொங்கும். மச்சான் "போதும் விடு" என்று எழுந்துவிடுவார்.

நான் அப்போது கடலூரில் ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். ஆய்வகத்தில் விண்டோஸுக்குப் பதில், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டிருந்தோம். ஒரு நாள் புது எந்திரம் ஒன்றைத் தயார் செய்தபோது, திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள் ஒன்று அதோடு சேர்ந்தே வந்திருப்பதைப் பார்த்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை ஓடவிட்டேன். ஏற்ற இறக்கமே இல்லாத ஓர் ஆண் குரல், நான் தொட்ட ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோப்பைத் திறந்து பார்த்தேன். திறந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். ரயில் பாதையை அகலப்பாதையாக மாற்றுவதற்காக மூடியிருந்த காலம் அது, பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. பெட்டி என் மடியில், மானிட்டர் என் மனைவியின் மடியில். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் தாண்டி அப்படியே போய்ச் சேர்ந்தோம். மேசையில் எல்லாவற்றையும் வைத்ததும் மச்சான் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த டி.வி. பெட்டி எதுக்கு மாப்ள?" என்று கேட்டார். நான் மானிட்டரின் வயரைச் சொருகினேன்.

ஆங்கிலத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. எந்த விசையை அழுத்தினால் என்ன ஆகும் என்பதை அவர் வேகமாகப் பிடித்துக்கொண்டார். அடுத்தடுத்த வாரங்களில் நான் போகும்போதெல்லாம் குரலின் வேகத்தைக் கூட்டியிருப்பார். எனக்கு ஒரு சொல்லும் புரியாத வேகத்தில் அவர் கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் தமிழ் எழுத்து வந்த இடத்தில் குரல் நின்றுவிடும். இல்லாவிட்டால் "லெட்டர், லெட்டர்" என்று எண்ணிக்கொண்டு போகும்.

"இங்கிலீஷ்ல எல்லாம் படிக்குது," என்றார் மச்சான். "நான் நடத்துறது தமிழ் மீடியம் மாப்ள."

லினக்ஸில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பேக்கேஜாக வரும். ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று சோதித்த வெர்ஷன்களாகப் பார்த்து, எல்லாவற்றையும் ஒரு தொகுப்பாகக் கட்டித் தருவார்கள். எங்களிடம் இருந்த தொகுப்பில் குரல் பேக்கேஜ் பழைய வெர்ஷன். அதற்கு அடுத்த வெர்ஷனில் தமிழும் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் அது இன்னும் சோதனைத் தொகுப்பில்தான் இருக்கிறது என்று படித்தேன். பெட்டியைக் கடலூருக்குத் தூக்கி வந்து, கல்லூரி இணைப்பில் மாட்டி, சோதனைத் தொகுப்பிலிருந்து அந்த ஒன்றை மட்டும் இறக்கச் சொன்னேன். அது தனக்குத் துணையாக வேறொன்றைக் கேட்டது. அது இன்னொன்றைக் கேட்டது. சரி, சரி என்று நான் அழுத்திக்கொண்டே போனேன். கடைசியில் பாதி எந்திரம் புதுசு, பாதி பழசு. திரை வந்தது, மவுஸ் நகர்ந்தது, ஒலி மட்டும் வரவில்லை. வேறு யாருக்காவது என்றால் சின்னக் கோளாறு என்று விட்டிருப்பேன். மச்சானுக்கு ஒலி இல்லையென்றால் அது வெறும் தகரப் பெட்டி.

அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் எழுதுகிறவர்களுக்கும் ஒரு மெயிலிங் லிஸ்ட் இருந்தது. ஒருவர் அந்த முகவரிக்கு எழுதினால், சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் போகும். யாருக்குப் பதில் தெரியுமோ அவர்கள் எழுதுவார்கள். சேர்ந்தவுடன் விதிமுறை என்று ஒரு நீளமான மெயில் வந்தது. நான் அதைப் படிக்கவில்லை. தலைப்பில் பெரிய எழுத்தில் "அவசரம், உதவவும்" என்று போட்டு, மதிப்பிற்குரிய ஐயா என்று தொடங்கி, மச்சானின் நிலைமையை உருக்கமாக எழுதி, முக்கியமான வரிகளுக்குச் சிவப்பு நிறம் கொடுத்து, பிழைச்செய்தி வந்த திரையைப் படம் பிடித்து இணைத்து அனுப்பினேன். ஏற்கெனவே வந்திருந்த ஒரு மெயிலுக்குப் பதில் என்ற பொத்தானை அழுத்தித்தான் இதை எழுதினேன், அதனால் அந்தப் பழைய உரையாடல் முழுவதும் என் மெயிலுக்கு அடியில் தொங்கியது.

ஒரு பெண்மணி பதில் எழுதினார். மற்றவர்கள் 'ஷீ' என்று குறிப்பிட்டதால் பெண் என்று தெரிந்தது, எந்த நாடு என்று தெரியவில்லை. பெயருக்குப் பதில் இரண்டு எழுத்துகள்தான் கீழே இருந்தன. படம் வேண்டாம், பிழைச்செய்தியை எழுத்தாக அனுப்புங்கள். நிறம் வேண்டாம். தலைப்பில் பிரச்சினையைச் சொல்லுங்கள். தேவையில்லாத பழைய வரிகளை வெட்டிவிட்டு, மீதிக்குக் கீழே உங்கள் பதிலை எழுதுங்கள். புதுப் பிரச்சினைக்குப் புது மெயில் தொடங்குங்கள். அவ்வளவுதான், மச்சானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. கண் தெரியாத ஒரு மனிதருக்காக உதவி கேட்டால் கடிதம் எழுதப் பாடம் நடத்துகிறார்களே என்று மனைவியிடம் சொல்லிப் பொருமினேன். எந்திரத்தில் பழைய தொகுப்பையே திரும்பப் போட்டேன். ஒலி வந்தது. மச்சானுக்கு ஆங்கிலத்தில் படித்துப் பழக ஏதாவது இருக்கட்டும் என்று, அந்த லிஸ்டில் வந்த மெயில்களையெல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டு, பெட்டியோடு சிதம்பரம் போனேன்.

அன்று அக்கா இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு நான் பெட்டியை மாட்டினேன். மச்சான் ஒவ்வொரு மெயிலாகத் திறந்து கேட்க ஆரம்பித்தார். எனக்காக வேகத்தைக் குறைத்திருந்தார். நாலைந்து மெயில்கள் ஒழுங்காகப் போயின. கேள்வி, அதற்குக் கீழே பதில், முடிந்தது. அடுத்தது என்னுடையது.

முதலில் தலைப்பில் இருந்த பெரிய எழுத்துகளை அது தட்டுத்தடுமாறிப் படித்தது. பிறகு என் கதை. பிறகு படம் இருந்த இடத்தில் ஒரு கோப்பின் பெயர், எண்களும் கோடுகளுமாக. பிறகு தொடங்கியது வால். பழைய வரிகளுக்கு முன்னால் இருக்கும் > குறியை அந்தக் குரல் "கிரேட்டர்" என்று படிக்கும். மேற்கோளுக்குள் மேற்கோள் என்றால் "கிரேட்டர் கிரேட்டர் கிரேட்டர்". ஒவ்வொரு வரிக்கும் அது. அதெல்லாம் முடிந்த பிறகு, என் கல்லூரி மெயிலில் தானாக ஒட்டிக்கொள்ளும் எச்சரிக்கை வாசகம்: இந்த மெயில் ரகசியமானது, தவறி வந்திருந்தால் அழித்துவிடவும். அதே தொனியில், ஒரு சொல் விடாமல்.

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னாங்க அது மந்திரம் மாதிரி?" என்றார்.

மச்சானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாங்கள் பார்த்து வெகு நாளாகியிருந்தது. சிரித்து முடித்து, அடுத்ததாக இருந்த அந்தப் பெண்மணியின் பதிலையும் கேட்டுவிட்டு, "மாப்ள, அந்தம்மாவுக்கும் கண்ணு தெரியாது," என்றார். "நீங்க எழுதுனதை ஒரு வரி விடாம இதே மாதிரி கேட்டுட்டுதான் பதில் போட்டிருக்காங்க."

நான் அந்தப் பெண்மணியின் பதிலை மறுபடியும் ஓடவிட்டேன். இரண்டு மூச்சில் முடிந்துவிட்டது. நான் கோபப்பட்ட ஒவ்வொரு வரியும் காதில் கேட்கும்போது அவ்வளவு நியாயமாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து புது மெயில் எழுதினோம். நான் தட்டச்சு செய்வேன், குரல் படிக்கும், மச்சானுக்குப் பொறுமை போகிற இடத்தில் கையைத் தூக்குவார், அந்த வரியை வெட்டுவேன். மதிப்பிற்குரிய ஐயா போயிற்று. மச்சானின் பார்வையைப் பற்றிய பத்தி போயிற்று. "அங்க இருக்கறவங்கள்ல பாதிப் பேரு என்னை மாதிரிதான், அவுங்ககிட்ட போயி எனக்குக் கண்ணு தெரியலன்னு எதுக்குச் சொல்லணும்?" என்றார். எந்தத் தொகுப்பு, எந்த வெர்ஷன், என்ன செய்தேன், என்ன ஆனது, பிழைச்செய்தி எழுத்தில். இவ்வளவுதான் மிஞ்சியது. பெட்டியையும் திரும்பக் கடலூருக்குத் தூக்கி வந்து, மறுநாள் கல்லூரிக்குப் போய் அனுப்பினேன்.

மதியத்துக்குள் அதே பெண்மணியிடமிருந்து பதில் வந்தது. சோதனைத் தொகுப்பை எந்திரத்துக்கு அறிமுகப்படுத்திய பிறகு, சின்னதாக ஒரு கோப்பு எழுதிவைக்க வேண்டுமாம். அதில் இரண்டே கட்டளைகள். பொதுவாக எல்லாவற்றுக்கும் பழைய தொகுப்பையே முதலில் பார். குரல் பேக்கேஜுக்கு மட்டும், அதன் துணைப் பேக்கேஜ் ஒன்றுக்கு மட்டும், இந்தக் குறிப்பிட்ட வெர்ஷனை எடு, வேறு எது வந்தாலும் இதை விடாதே. அப்படியே எழுதினேன். இந்த முறை எந்திரம் எதையும் கூடுதலாகக் கேட்கவில்லை. மச்சானுக்குப் போன் போட்டு, ரிசீவரை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து, தமிழில் ஒரு வரி ஓடவிட்டேன்.

"கேக்குது கேக்குது," என்றார். "இன்னொரு தபா போடுங்க."

பெட்டி சிதம்பரம் போனது. சீக்கிரமே அவர் வீட்டில் பிராட்பேண்டும் வந்தது. காலையில் அவரே செய்தித்தாளின் இணையப் பக்கத்தைத் திறந்து, வேண்டியதை மட்டும் படித்தார். அக்காவுக்குக் காலை வேளை திரும்பக் கிடைத்தது. ஆனால் முதல் சந்தோஷம் அடங்கியதும் மச்சானுக்கு அந்தக் குரலின் தமிழைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தமிழில் ஒரே எழுத்து இடத்துக்கு ஒரு மாதிரி ஒலிக்கும். பம்பரம் என்ற சொல்லில் முதல் ப வன்மையாக வரும், ம்-க்கு அடுத்து வரும் இரண்டாவது ப மென்மையாக வரும். அந்தக் குரலுக்கு இரண்டும் ஒன்றுதான். சங்கு என்பதில் வரும் கு-வும் குடத்தில் வரும் கு-வும் ஒன்றுதான். தான் பிறந்து வளர்ந்த சிதம்பரத்தின் பெயரையே அது வெளிநாட்டுக்காரர் போலச் சொல்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார்.

"லிஸ்ட்ல எழுதுங்களேன் மச்சான்," என்றேன். நான் எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்தார் போல. நான் அசையவில்லை. அவரே எழுதினார்.

முதல் மெயிலில் அவர் மூன்று விஷயங்களைச் சேர்த்து எழுதிவிட்டார். ஒரு மெயிலுக்கு ஒரு பிரச்சினை என்று திருப்பிச் சொன்னார்கள். அவருக்கு அது பிடித்துப்போயிற்று. ஒரே விடைக்குள் மூன்று கேள்விக்குப் பதில் எழுதும் பையன்களோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியவர் அவர். பிரித்துப் பிரித்து அனுப்பினார். தமிழ் ஒலிகளை எழுதிச் சேர்த்தவர் தமிழ் தெரியாதவர், ஏதோ ஒரு இலக்கணக் குறிப்பை வைத்துச் செய்திருந்தார். நீங்கள் சொல்லும் வித்தியாசம் எனக்குக் காதில் பிடிபடவில்லை, ஜோடி ஜோடியாகச் சொற்கள் கொடுங்கள் என்று கேட்டார். மச்சான் பள்ளி நூலகத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி சொற்களை யோசிப்பார், மாலையில் வந்து அனுப்புவார். படம், பட்டம். தகரம், தங்கம். பம்பரம் எப்போதும் முதலில். பம்பரம் சரியானால் மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

புது வெர்ஷன் வெளியிடும் வேளை நெருங்கியபோது ஒரு தகராறு வந்தது. லிஸ்டில் ஒருவர், தமிழ் திருத்தங்களை அடுத்த முறைக்குத் தள்ளிவைக்கலாம், பயன்படுத்துகிறவர் ஓரிருவர்தானே, சோதித்துப் பார்க்க யார் இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டார். மச்சான் கொதித்துப் போனார். நான் போயிருந்தபோது நீளமான பதில் ஒன்றை முடித்து வைத்திருந்தார். தமிழின் வயது, சோழர் காலம், கல்வெட்டுகள், எல்லாம் அதில் இருந்தன. அனுப்புவதற்கு முன்னால் ஒரு முறை கேட்போம் என்று ஓடவிட்டார்.

அந்தக் குரலுக்குக் கோபம் தெரியாது. ராஜராஜனையும் "ஓரிருவர்" என்பதையும் அது ஒரே தொனியில், மளிகைச் சாமான் வாசிப்பது போல வாசித்துக்கொண்டு போனது. பாதியிலேயே மச்சானின் முகம் மாறியது. முடியும் வரைக்கும் கேட்டார். முடிந்ததும் முழுவதையும் அழித்தார்.

"அவரு கேட்டது ஒரே கேள்விதான்," என்றார். "யாரு சோதிப்பாங்கன்னு. நான் அதுக்குப் பதில் சொல்லாம ஊரு பெருமை பேசியிருக்கேன்."

பிறகு எழுதியது நாலு வரி. நான் சோதிக்கிறேன், எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், சொற்பட்டியல் இதோ, தினமும் ஒரு பகுதி கேட்டு முடிவைச் சொல்கிறேன். தள்ளிவைக்கச் சொன்ன அதே ஆள் நன்றி சொல்லி, எப்படிச் சோதிப்பது என்று விளக்கமாக எழுதினார். மச்சான் சொன்னபடி, அவர்கள் அனுப்பிய ஒலிக்கோப்புகளைத் தினமும் கேட்டார். புது வெர்ஷன் வெளிவந்தது, தமிழ் திருத்தங்களோடு.

ஆனால் அவர் எந்திரத்தில் மட்டும் பம்பரம் மாறவில்லை. எந்திரத்தை அப்டேட் செய்தும் பார்த்தார், அதே பழைய பம்பரம். லிஸ்டில் மற்றவர்கள் சரியாகிவிட்டது என்கிறார்கள், சோதனை செய்து கொடுத்த எனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று எனக்குப் போன் செய்தார். எனக்கும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் எந்திரத்தைக் குடைந்தபோதுதான் நான் எழுதிவைத்த அந்தச் சின்னக் கோப்பு கண்ணில் பட்டது. வேறு எது வந்தாலும் இதை விடாதே என்று நானே சொல்லியிருக்கிறேன். அதுவும் விசுவாசமாக, புதியது வாசலில் வந்து நின்றும் உள்ளே விடாமல் பழையதைப் பிடித்துக்கொண்டிருந்தது. மச்சானிடம் சொன்னேன். கோப்பில் அந்த வரிகளை நீக்கிவிட்டுப் புதியதை இறக்கினேன். அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து, பம்பரம் என்று அடித்தார்.

குரல் சொன்னது. இரண்டாவது ப மென்மையாக வந்தது.

திரும்ப அடித்தார். திரும்பச் சொன்னது. அக்காவைக் கூப்பிட்டார். என் மனைவியும் வந்தாள். நாலு பேரும் நின்று ஒரு எந்திரம் பம்பரம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

2010 அரையாண்டுத் தேர்வுக்குப் பதினோராம் வகுப்பு வரலாற்றுக் கேள்வித்தாளை மச்சானே தட்டச்சு செய்து, கேட்டுக் கேட்டுத் திருத்தி, அச்செடுத்து, தலைமையாசிரியர் மேசையில் கொண்டுபோய் வைத்தார். தலைமையாசிரியர் படித்துவிட்டு, யார் அடித்துக் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார். "நான்தான்" என்று மச்சான் சொல்ல, பள்ளி கம்ப்யூட்டரில் ஒரு முறை செய்து காட்டச் சொன்னார். காட்டினார். அடுத்த ஜூனில் பிளஸ் ஒன் வகுப்பு திரும்பக் கிடைத்தது. விடைத்தாள்களைத் திருத்த இன்னொரு ஆசிரியர் உதவினார். அவர் படிப்பார், இவர் மதிப்பெண் சொல்வார். விருப்ப ஓய்வுப் பேச்சு அதற்கப்புறம் அந்த வீட்டில் எழவில்லை.

2011 கடைசியில் புயல் கடலூரில் கரையேறியது. எங்கள் வீடு முதுநகரில், ஊரில் எல்லோரும் ஓ.டி. என்று சொல்லும் பழைய நகரத்தில். விடிந்து வெளியே வந்தபோது தெருவில் மரம் எது, கம்பம் எது என்று தெரியவில்லை. ஓடுகள் பறந்திருந்தன. கரண்ட் இல்லை, போன் இல்லை. சிதம்பரத்திலும் அடித்திருந்தது, ஆனால் அங்கே சீக்கிரம் கரண்ட் வந்துவிட்டது. மச்சான் எங்களுக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்து, ஓ.டி. பக்கமிருந்து எந்தத் தகவலும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்.

லிஸ்டில் மென்பொருளைத் தவிர வேறு பேச்சு கூடாது என்று ஒரு விதி உண்டு. தவிர்க்க முடியாமல் வேறு விஷயம் எழுதினால், தலைப்பில் முதலில் ஓ.டி. என்று போட வேண்டும். ஆஃப் டாபிக் என்பதன் சுருக்கம். மச்சான் மெயிலைத் திறந்ததும் குரல் தலைப்பைப் படித்தது: ஓ.டி., கடலூர் நண்பர்கள்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாராம். "வாடி இங்க, ஓ.டி.யிலேருந்து சேதி வந்திருக்கு," என்று அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார். பிறகு மெயில் தொடர்ந்தது. அந்த இரண்டெழுத்துப் பெண்மணி எழுதியது. செய்தியில் புயலைக் கேட்டேன், கடலூர் என்று பெயர் வந்தது, நம் நண்பர்கள் இருவரும் பத்திரமா என்று யாருக்காவது தெரியுமா. விதிகளில் ஒரு எழுத்து பிசகாத அந்த அம்மாள் இதற்காக லிஸ்டையே நிறுத்திக் கேட்டிருந்தார். கீழே எங்கெங்கோ இருந்து வந்த பதில்கள், எல்லாம் சுருக்கமாக, எங்களை விசாரித்து.

பஸ் ஓடத் தொடங்கியதும் நான் மனைவியோடு சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். தங்கையின் தலையையும் தோளையும் தடவிப் பார்த்த பிறகுதான் மச்சான் உட்கார்ந்தார். அன்று மதியம் அவர் லிஸ்டுக்கு எழுதினார். வழக்கமாக நாலு வரி எழுதுகிறவர், அன்று நிறுத்தவில்லை. நான் சொல்லச் சொல்ல எழுதினார். விழுந்த முந்திரி மரங்கள், பலா மரங்கள், கிள்ளைப் பக்கம் படகுகள், ஓடு இல்லாத எங்கள் கூடத்தில் வெயில் விழுந்தது. யாரும் அதை வெட்டச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து லிஸ்டை நடத்துகிறவர், எல்லோரும் நலம் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி, இனி வேண்டியவர்கள் தனி மெயிலில் பேசிக்கொள்ளலாம் என்று அன்பாக முடித்து வைத்தார். மச்சானும் அந்தப் பெண்மணியும் அன்றிலிருந்து தனியாக எழுதிக்கொள்கிறார்கள். அந்த அம்மாள் ஒரு பள்ளியில் இசை சொல்லித்தருகிறவர் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

2012 கோடையில் லிஸ்டில் ஒரு அறிவிப்பு வந்தது. எந்திரம் உண்டாக்கும் ஒலிக்குப் பதிலாக மனிதர் பேசிய ஒலியை வைத்துத் தமிழ்க் குரல் ஒன்று செய்யப் போகிறோம், தெளிவாகப் பேசக்கூடிய ஒருவர் நிறைய வாக்கியங்கள் பேசித்தர வேண்டும். மச்சான் எனக்குப் போன் செய்து, "மாப்ள, வரும்போது நல்ல மைக் ஒண்ணு எடுத்துட்டு வாங்க," என்றார்.

வாக்கியங்களை அவரால் பார்த்துப் படிக்க முடியாது. அதனால் இப்படிச் செய்தோம்: ஒரு காதில் ஹெட்போன். எந்திரம் தன் தட்டைக் குரலில் ஒரு வாக்கியத்தைச் சொல்லும். அவர் அதைக் கேட்டு, ஒரு நொடி நிறுத்தி, வகுப்பில் பேசும் குரலில் மைக்கில் சொல்வார். நான் பதிவு செய்வேன். மே மாத வெயில். ஃபேன் சத்தம் விழுகிறது என்று ஃபேனை நிறுத்தியாயிற்று. தெருச்சத்தம் விழுகிறது என்று ஜன்னல்களையும் மூடியாயிற்று. ஒரு வாக்கியத்துக்கு நடுவில் குக்கர் விசில் அடித்தது, அக்கா ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். இன்னொன்றில் கோயில் மணி. மச்சான் மணி ஓயும் வரை கையை உயர்த்திக் காத்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

என் மனைவி கதவோரம் நின்று முந்தானையால் விசிறிக்கொண்டே, "போதும்ணா, கொஞ்சம் காத்து வாங்கிட்டு அப்பறம் பேசேன்," என்றாள்.

"இந்த வாக்கியம் நல்லா வந்துட்டிருக்கு," என்றார் மச்சான். "யாரும் ஃபேனைப் போட்டுடாதீங்க." ஹெட்போனைச் சரிசெய்துகொண்டு, அடுத்ததை ஓடவிடச் சொல்லி என் பக்கம் தலையசைத்தார்.